பின்னச்சுக்கு ஒரு பூட்டு

லாரியின் பின்புறம் குனிந்து பார்த்தவர்கள், இரு சக்கரங்களுக்கும் நடுவே, அச்சின் இடையில், பூசணிக்காய் போல உருண்டு பருத்த இரும்புக் கூடு ஒன்று இருப்பதைக் கண்டிருப்பர். அமெரிக்கப் பட்டறைகளிலும் அதற்குப் பூசணி என்றே செல்லப்பெயர் உண்டு. அக்கூட்டினுள் இருக்கும் பல்சக்கரத் தொகுதிக்கு டிபரன்ஷியல் என்று பெயர். அதன் இயல்பு யாது, அதற்கு ஒரு பூட்டு ஏன் வேண்டும், அப்பூட்டை ஒருவர் தம் வீட்டுக் கொட்டகையிலேயே தம் கையால் பொருத்திக்கொள்வது எவ்வாறு என்பன பற்றி இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் நெடுவழி செல்கிறது. உட்பக்கச் சக்கரம் குறுவழி செல்கிறது. இரண்டும் ஒரே தண்டில் இறுகப் பிணைக்கப்பட்டிருக்குமானால், ஏதேனும் ஒன்று தரையில் தேய்ந்து இழுபட்டே ஆகவேண்டும். இக்குறையைத் தீர்க்க, 1820-களின் பிற்பகுதியில் பிரான்சு நாட்டுப் பெக்கேர் என்பவர் தம் நீராவி வண்டிக்கென ஒரு பல்சக்கர அமைப்பை வகுத்தார். 1877-இல் இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஸ்டார்லி அதே கருத்தை மூன்று சக்கர மிதிவண்டிக்குப் பயன்படுத்தினார். மோட்டார் வண்டி பிறந்தபோது அந்த அமைப்பு அதற்கு ஆயத்தமாகக் காத்திருந்தது எனலாம்.

டிபரன்ஷியலைப் பற்றிப் பலரும் கொண்டுள்ள ஒரு தவறான எண்ணத்தை முதலிலேயே நீக்கிவிட வேண்டும். ஒரு சக்கரம் சேற்றிலோ பனியிலோ வழுக்கிச் சுழலும்போது, ‘வலிமை முழுவதும் அந்தச் சக்கரத்திற்கே போய்விடுகிறது’ என்பார்கள். உண்மை அதுவன்று. வேகந்தான் அங்கே போகிறது. முறுக்குவிசையை டிபரன்ஷியல் இரு பக்கத்திற்கும் எப்போதும் ஏறக்குறையச் சமமாகவே பங்கிடுகிறது. பனிக்கட்டியின்மேல் நிற்கும் இடச் சக்கரம் 50 அலகு விசையைத்தான் தாங்கும், அதற்குமேல் வழுக்கிவிடும் என்று வைத்துக்கொள்வோம். அப்போது, கெட்டியான சரளைத் தரையில் நிற்கும் வலச் சக்கரத்திற்கும் 50 அலகே கிடைக்கும். அது 600 அலகைத் தாங்கவல்லதாயினும் பயனில்லை. மொத்தம் 100 அலகு, வண்டி நகராது. ஒரு சக்கரம் இரட்டை வேகத்தில் சுழல, மற்றது கல்லாய் நிற்கும். வேகமானியோ வண்டி ஓடுவதாகப் பொய் சொல்லும். நல்ல கால் நொண்டிக்காலுக்குத் துணை போகாமல், தானும் நொண்டுகிறது.

டிபரன்ஷியலைப் பூட்டிவிட்டால் இரு சக்கரமும் ஒரே வேகத்தில் சுழன்றாக வேண்டும். அப்போது ஒவ்வொன்றும் தன் பிடிப்பிற்கேற்ற விசையை ஏற்கும். மேற்சொன்ன கணக்கில் 100 என்பது 650 ஆகிவிடும். நம் வயல்களில் உழும் டிராக்டர்களில் ஓட்டுநர் குதிகாலால் மிதிக்கும் பூட்டு மிதி இவ்வேலையையே செய்கிறது. ஆதலின் இது நமக்கு முற்றிலும் புதிய பொருளன்று.

நிற்க. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து வடபகுதியில், சுபீரியர் ஏரியின் கரையில், நான் சில ஆண்டுகள் வாழ்ந்தேன். அங்கே பல குளிர்காலங்களில் 200 அங்குலத்திற்கும் மேல் பனி பொழிவதுண்டு. என் அண்டை வீட்டுக்காரர் மேப்பிள் மரங்களை வெட்டிப் பிளந்து, வீடுகளுக்கு விறகு கொண்டுபோய்க் கொடுத்துப் பிழைப்பவர். அவருடைய வண்டி 1994-ஆம் ஆண்டு ஃபோர்டு எஃப்-150 என்னும் சிறு லாரி. பின்சக்கரம் மட்டும் இழுப்பது. விறகு ஏற்றிப் போகும்போது பாரம் பின்னச்சை அழுத்துவதால் பிடிப்புக்குக் குறைவில்லை. இறக்கிவிட்டு வெறுவண்டியாய்த் திரும்பும்போதுதான் தொல்லை. ஒரு நாள் மாலை, காட்டோரத்தில் தனியே வாழும் ஒரு முதியவளின் வாயிற்புறத்தில் வண்டி புதைந்து, இரவு முழுவதும் அங்கேயே நின்றது. அடுத்து விறகுக்குக் காத்திருந்த இரண்டு வீடுகளில் அன்றிரவு அடுப்பெரியவில்லை. பட்டறைக்காரர் கேட்ட கூலியைக் கொடுக்க அவரிடம் பணமில்லை. என்னிடம் டயல் கேஜ் ஒன்று இருந்தது. அவரிடம் கொட்டகை இருந்தது. நாங்களே செய்வதெனத் துணிந்தோம்.

எந்தப் பூட்டு என்பதே முதற் கேள்வி. உராய்வுத் தட்டுகளால் ஓரளவு இறுக்கிப் பிடிக்கும் வகை ஒன்று உண்டு. சாலைக்கு அது இனியது. ஆனால் தட்டுகள் தேயும். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அது பெரிதும் உதவாது. பல்சக்கரங்களின் சாய்வாலேயே விசையைப் பகிரும் வகை தேயாது. எனினும் அதுவும் முழுப்பூட்டு ஆகாது. மூன்றாவது, தானே பூட்டித் தானே திறந்துகொள்ளும் வகை. ‘டெட்ராய்ட் லாக்கர்’ என்னும் பெயர் இவ்வகையில் புகழ் வாய்ந்தது. எஞ்சின் தள்ளும்போது இரு சக்கரமும் பூட்டிக்கொள்ளும். வளைவில் வெளிச்சக்கரம் முந்தும்போது அப்பக்கம் ‘டக் டக்’ என்ற ஒலியோடு விட்டுக்கொடுக்கும். இதன் சிறுவடிவமாக, பழைய கூட்டை அப்படியே வைத்து, உள்ளிருக்கும் ஸ்டார் பினியன்களையும் சன் கியர்களையும் மட்டும் மாற்றிப் போடும் வகையும் விற்கிறார்கள். விலை குறைவு, கிரௌன் சக்கரத்தை அசைக்க வேண்டுவதில்லை, முதன்முதலாகக் கைவைப்பவர்க்கு எளிது. காட்டுப் பாதைக்கும் பாறைக்கும் இது நல்ல துணை. ஆனால் பழைய கூட்டின் வலிமைக்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கலாகாது.

நான்காவது, ஓட்டுநர் வேண்டும்போது மட்டும் பூட்டும் வகை. காற்றழுத்தத்தால் பூட்டுவது ஒன்று, ஆஸ்திரேலியாவின் ஏ.ஆர்.பி. நிறுவனத்தார் செய்வது இவ்வகையில் பெயர் பெற்றது. அதற்குச் சிறு காற்றமுக்கியும் குழாயும் வேண்டும். மின்காந்தத்தால் பூட்டுவது மற்றொன்று. அதற்கு ஒரு கம்பியும் ஒரு பொத்தானும் போதும். பொத்தானை அழுத்தாதவரை இவை சாதாரண டிபரன்ஷியலேயாம்.

அண்டை வீட்டுக்காரர் தானியங்கி வகையை ஒரே பேச்சில் மறுத்துவிட்டார். காரணம் உண்டு. முன்பு அவர் ஓட்டிய வண்டியில் அது இருந்தது. பனி உறைந்த சாலை நடுவில் உயர்ந்து ஓரங்களில் சரிந்திருக்கும். அதில் ஒரு சக்கரம் மட்டும் வழுக்கினால், வழுக்காத மற்றது வண்டியின் வாலை நேரே பிடித்து நிறுத்தும். இரண்டும் பூட்டிக்கொண்டு ஒருசேர வழுக்கினால், வாலைப் பிடிப்பதற்கு ஒன்றுமில்லை. அது சரிவை நோக்கிப் பக்கவாட்டில் நழுவும். ஒரு வளைவில் அவர் விசையைக் கூட்டிய நொடியில் பூட்டு விழுந்தது. வண்டி பள்ளத்தில் கிடந்தது. உயிருக்கு ஒன்றும் நேரவில்லை. பூட்டு வண்டியை முன்னே தள்ளும் கருவியேயன்றி நிறுத்தும் கருவியும் அன்று, திருப்பும் கருவியும் அன்று. உறைபனிச் சாலையில் நாள்தோறும் ஓடும் வண்டிக்கு ஓட்டுநரின் சொற்கேட்கும் பூட்டே ஏற்றது என்பது என் துணிபு. சேறும் மணலும் மட்டுமே காண்போர் வேறுவிதமாக முடிவு செய்யலாம். இன்னும் சிலருக்குப் பூட்டே வேண்டியதில்லை. நல்ல பனி டயரும், பின்னச்சின்மேல் நாலைந்து மணல் மூட்டையும், சங்கிலியும் போதும். அவற்றை முதலில் முயன்று பார்த்தல் சிக்கனம்.

வகையைத் தேர்ந்தபின் அளவு. இவ்வண்டியின் பின்னச்சு 8.8 அங்குலம் எனப்படுவது. கிரௌன் சக்கரத்தின் விட்டம் அது. ஆக்சில் தண்டின் நுனியிலுள்ள வரிப்பற்கள் சில ஆண்டு வண்டிகளில் 28, பிற்பட்டவற்றில் 31. எண்ணிப் பாராமல் வாங்கியவர் மீண்டும் கடைக்கு நடப்பார். மற்றொன்றும் உண்டு. 1987 முதல் இவ்வகை லாரிகளில் பின்சக்கரத் தடை பூட்டிக்கொள்ளாமல் காக்கும் மின்னமைப்பு இருக்கிறது. அதற்குரிய பல் வளையம் டிபரன்ஷியல் கூட்டின்மேலேயே இறுக்கப்பட்டுள்ளது. புதுக் கூட்டில் அவ்வளையத்திற்கு இடமுண்டா என்று கேட்டு வாங்க வேண்டும். பழைய வளையம் கழற்றும்போது பெரும்பாலும் கோணிவிடும். புதியதொன்றும் சேர்த்து வாங்குவது நலம்.

இனி வேலை. சமதரையில் வண்டியை நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, பின்புறத்தை ஜாக்கியால் தூக்கி, உறுதியான இரும்புத் தாங்கிகளின்மேல் இறக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் படுத்தல் ஆகாது. இரும்புக் கோலால் நெம்பி இழுக்கும் வேலை இது, வண்டி அசையும். பொருத்தியபின் எல்லாப் பக்கமும் ஒருமுறை வலிந்து தள்ளிப் பார்த்த பின்னரே நாங்கள் உள்ளே நுழைந்தோம்.

பின்மூடியின் கீழ்ப்பக்க போல்ட்டுகளைத் தளர்த்தி, மூடியை நெம்பினால் எண்ணெய் வடியும். எதையும் கழற்றுமுன், அப்போதுள்ள நிலையை அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். இதைப் பலர் மறக்கின்றனர். பினியனை அசையாமல் பிடித்துக்கொண்டு கிரௌன் சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டினால் ஒரு சிறு இளக்கம் தெரியும். இதைப் பட்டறையில் ‘பிளே’ என்பர். அங்குலத்தை ஆயிரம் கூறிட்டால் ஒரு கூறு ஒரு ‘தௌ’. இவ்வச்சிற்கு 8 முதல் 15 தௌ வரை இருக்கலாம் என்பது நிருமாணித்தோர் விதி. எங்கள் டயல் கேஜ் 13 காட்டியது. பற்களில் மஞ்சள் வண்ணம் தடவிச் சுழற்றி, எங்கே பல்லும் பல்லும் உராய்கின்றன என்ற தடத்தையும் படமெடுத்துக்கொண்டோம்.

சக்கரங்களையும் தடை உருளைகளையும் கழற்றிய பிறகு, கூட்டின் நடுவே செல்லும் குறுக்குத் தண்டைப் பிடித்திருக்கும் சிறு போல்ட்டைக் கழற்ற வேண்டும். மெல்லிய போல்ட்டு அது, முறியும் இயல்புடையது. ஆறுமுகச் சாக்கெட்டை நன்கு அழுத்தி, மெதுவாகத் திருப்புக. தண்டை உருவியதும் ஆக்சில்களை உள்நோக்கித் தள்ளினால், ஆங்கிலச் ‘சி’ எழுத்தைப் போன்ற கவ்விகள் விடுபட்டு விழும். பின் ஆக்சில்களை, எண்ணெய்த் தடுப்பு வளையத்தைக் கீறாமல், நேராக வெளியே இழுக்கலாம். பேரிங் மூடிகள் இரண்டையும் இடம், வலம் என்று உளியால் புள்ளியிட்டுக் குறித்துக்கொள்க. அவை அச்சுக் கூட்டோடு சேர்த்துக் குடையப்பட்டவை. மாற்றிப் போட்டால் பேரிங் அழியும். மூடிகளை முற்றும் கழற்றாமல், போல்ட்டுகளைச் சில சுற்றுத் தளர்த்தி விட்டு, கோலால் நெம்புக. தொகுதி திடீரென விடுபட்டாலும் காலில் விழாது. இருபுறமும் உள்ள ஷிம் தகடுகளைத் தனித்தனிப் பையில் இட்டு, எப்பக்கம் என்று எழுதி வைக்க வேண்டும்.

கிரௌன் சக்கரத்தைப் பழைய கூட்டிலிருந்து பிரித்துப் புதியதில் ஏற்றுதல் அடுத்தது. சில ஜெனரல் மோட்டார்ஸ் அச்சுகளில் இப்போல்ட்டுகள் இடப்புறி உடையவை. தலையில் ‘எல்’ என்னும் எழுத்து இருக்கும். அதைக் காணாமல் வலிந்து திருகியவர் பலர். சக்கரத்தைச் சம்மட்டியால் அடித்து ஏற்றலாகாது. இளஞ்சூடு காட்டினால் அது சற்றே விரிந்து தானே உட்காரும். எதிரெதிர்ப் போல்ட்டுகளாக மாற்றி மாற்றி இறுக்கி, மரை நெகிழாப் பசையிட்டு, டார்க் ரெஞ்சினால் 70 முதல் 85 பவுண்டு-அடி வரை முறுக்கினோம். புது பேரிங்குகளை அழுத்துபொறியில் ஏற்றித் தந்தவர் ஒரு நண்பர். அதற்கு மட்டும் கொட்டகை போதவில்லை.

தொகுதியை அதே ஷிம்களோடு உள்ளே வைத்து அளந்தோம். இங்கேதான் ஒரு நாள் முழுவதும் கழிந்தது. ஓரிடத்தில் 14 தௌ, கால்சுற்றுத் தள்ளி 17, அதற்கெதிர்ப்புறத்தில் 20. சுற்றுமுழுதும் 4 தௌவிற்குமேல் வேறுபடலாகாது. புதுக் கூடே கோணல் என்று அண்டை வீட்டுக்காரர் முடிவு கட்டிவிட்டார். திருப்பி அனுப்ப அட்டைப் பெட்டியையும் தேடத் தொடங்கினார். என் மனம் ஒப்பவில்லை. மீண்டும் எல்லாவற்றையும் கழற்றி, கிரௌன் சக்கரம் அமரும் தளத்தை விரல்நுனியால் தடவிப் பார்த்தேன். நெல்லுமியிலும் சிறிய ஓர் உலோகச் சில்லு அங்கே ஒட்டிக்கொண்டிருந்தது. சக்கரத்தைப் பிரித்தபோது நானே உண்டாக்கியது அது. நுண்ணிய அரத்தால் நீவி, துடைத்து, மீண்டும் இறுக்கினோம். இப்போது வேறுபாடு 2 தௌவிற்குள் அடங்கிற்று. கூடு குற்றமற்றது, குற்றம் என் துடைப்பத் துணியினது.

ஆயினும் பிளே 17 தௌ, பழையதோ 13. தேய்ந்து பழகிய பற்களுக்குப் பழைய அளவே பொருந்தும். கிரௌன் சக்கரத்தைப் பினியனை நோக்கி நகர்த்த வேண்டும். இவ்வச்சில் அச்சக்கரம் இடப்பக்கம் இருப்பதால், இடப்பக்க ஷிம்மைத் தடிப்பாக்கி, அதே அளவு வலப்பக்கத்தில் குறைக்க வேண்டும். கூட்டியதும் குறைத்ததும் சமமாயிருந்தால் பேரிங்குகளின்மேலுள்ள அழுத்தம் மாறாது. 10 தௌ நகர்த்தினால் பிளே ஏறக்குறைய 7 தௌ குறையும் என்பது கைக்கணக்கு. நாங்கள் 6 தௌ நகர்த்தினோம்; டயல் கேஜ் 13-இல் வந்து நின்றது. மஞ்சள் வண்ணத் தடமும் பழைய படத்தோடு ஒத்தது. பினியனை நாங்கள் தொடவேயில்லை. ஆகையால் அதன் ஆழத்தைச் சரிபார்க்கும் பெருந்தொல்லை எங்களுக்கு நேரவில்லை. கடைசி ஷிம் கையால் நுழையலாகாது. மென்சுத்தியலால் தட்டியே நுழைய வேண்டும். எளிதில் நுழைந்தால் பேரிங் தளர்ச்சியாயிருக்கிறது என்பது பொருள்.

மின்கம்பி வெளிவர அச்சுக் கூட்டில் ஒரு துளை இட வேண்டும். இதனைப் புதுத் தொகுதியை வைக்குமுன்னரே முடித்துவிட வேண்டும். துளையூசியில் கிரீஸ் தடவினால் இரும்புத் தூள் அதிலேயே ஒட்டும். பின்னர் உட்புறம் முழுவதையும் கழுவுக. கம்பிக்குத் தளர்ச்சி விடுதல் அவசியம். அச்சு மேலும் கீழும் ஆடும் உறுப்பாகும். பொத்தானிலிருந்து நேரே மின்சாரம் விடாமல், ரிலேயும் ஃபியூசும் இடையே வைத்து, பூட்டியிருப்பதைக் காட்டும் சிவப்பு விளக்கு ஒன்றும் ஓட்டுநர் கண்முன் பொருத்தினோம். அவ்விளக்கு இல்லாவிடில், பூட்டியதை மறந்து உலர்ந்த சாலையில் ஓட்டி ஆக்சிலை முறிப்போர் உண்டு.

ஆக்சில்கள், கவ்விகள், குறுக்குத் தண்டு, புதுப் போல்ட்டு என முறையே ஏற்றி, மூடியைப் பசையிட்டு அடைத்து, பசை உலர்ந்தபின் எண்ணெய் ஊற்றினோம். எண்ணெய் விஷயத்தில் கடைக்காரர் சொல்லைக் காட்டிலும் பூட்டுச் செய்தவர் சீட்டில் அச்சிட்டிருப்பதையே நம்ப வேண்டும். உராய்வுத் தட்டு வகைக்கு வேண்டும் தனிச்சேர்க்கை மற்ற வகைகளுக்கு வேண்டுவதில்லை.

சோதனை எளிது. வண்டி தாங்கிமேல் இருக்கும்போதே, கியரில் வைத்து, ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றினால் மற்றது எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். பொத்தானை அழுத்தியபின் இரண்டும் அசையலாகாது. எங்கள் பூட்டு முதலில் விழவில்லை. சக்கரத்தைச் சற்றே அசைத்ததும் ‘டக்’ என்று விழுந்தது. அது பிழையன்று, பிணையும் உறுப்புகள் நேருக்கு நேர் வர அந்தச் சிறு அசைவு வேண்டும். அதனாற்றான், புதைந்து சக்கரம் சுழன்றபின் பூட்டுவதைவிட, இடர் கண்ணுக்குத் தெரிந்தவுடனேயே, வண்டி நிற்கும்போதோ ஊரும்போதோ பூட்டுதல் நன்று. வேகமாய்ச் சுழலும் சக்கரத்தோடு பூட்டினால் பல் உடையும்.

அடுத்த வாரம் 9 அங்குலப் பனி பெய்தது. விறகு இறக்கிய வெறுவண்டியை அதே முதியவளின் வாயிற்புறத்தில் நிறுத்தினார் அண்டை வீட்டுக்காரர். முதலில் பூட்டாமல் முயன்றார். வலச் சக்கரம் சுழன்று பனியை வாரி இறைத்தது. நிறுத்திப் பொத்தானை அழுத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது. வண்டி இரண்டு பின்சக்கரத் தடங்களையும் சமமாகப் பதித்துக்கொண்டு சாலையேறிற்று. ஏறியவுடன் விளக்கை அணைத்துவிட்டார். 500 மைல் ஓடியபின் மூடியைத் திறந்து எண்ணெயை மாற்றினோம். உள்ளிருந்த காந்தத்தில் சாம்பல் நிறக் குழம்பு மட்டும் மெல்லப் படிந்திருந்தது. சில்லு எதுவும் இல்லை.